தூளியும் பாயும்

நவி மும்பையின் நெருளில் ஒரு தமிழ் வீட்டுக்குப் பிறந்த குழந்தை வந்து சேர்ந்ததும், தூளியை எங்கே தொங்கவிடுவது என்ற பேச்சு எழுந்துவிடும். தாராவியிலோ செம்பூரிலோ ஒற்றை அறையில் வளர்ந்து, பின்னர் இங்கே நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் குடியிருப்புகளுக்கு வந்தவர்கள் பலர். வீடு மாறியும் தூளி மாறவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலை, அதை விரித்துப் பிடிக்க ஒரு கம்பு, ஸ்லாப்பில் ஒரு கொக்கி. இப்போது அதோடு ஸ்பிரிங்கும் சேர்த்து விற்கிறார்கள்.

தூளி ஆட ஆட அழுகை அடங்குவது பிரமை அல்ல. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு சீரான அசைவை உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்க, உடல் அடங்குகிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர், தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அழும் குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று குறைவதை 2013இல் அளந்து காட்டினார்கள். அதே குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் உதவும். ஐந்து நிமிடம் தூக்கி நடக்க வேண்டும். உறங்கியதும் உட்கார்ந்து, மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு கிடத்தினால் குழந்தை விழித்துக்கொள்வது குறைகிறது. அவசரப்பட்டு இறக்குவதால்தான் வீறிட்டு எழுகிறது.

ஆக, அமைதிப்படுத்தும் வேலையைத் தூளி நன்றாகவே செய்கிறது. இரவு முழுவதும், ஆள் பார்க்காத நேரத்தில், பச்சிளங்குழந்தையை அதிலேயே விட்டுவைப்பதுதான் சிக்கல்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். பிடரி புடைத்திருக்கும், கழுத்துத் தசைக்கு அந்தக் கனத்தைத் தாங்கும் வலு இராது. மூச்சுக்குழாயின் அகலமோ சில மில்லிமீட்டர்தான். சுவர் இன்னும் உறுதிப்படாததால் மெல்லிய ரப்பர் குழாயைப் போல மடங்கிவிடும். ஆழமாகத் தொங்கும் துணியில் முதுகு வில்லாக வளைகிறது, முகவாய் நெஞ்சில் போய் இடிக்கிறது. மூச்சு வழி குறுகுவது அங்கேதான். பெரியவர்கள் உறக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொள்வோம். சில வாரக் குழந்தையால் அது முடியாது. அழுது கூப்பிடவும் காற்று வேண்டுமே. அமெரிக்காவில் 2019இல் ஒரு நிறுவனம் சாய்வுத் தொட்டில்கள் ஏறத்தாழ 47 லட்சத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இறந்திருந்தன. பத்து பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அந்நாடு 2022இல் சட்டம் போட்டே தடுத்தது.

சமதளமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துங்கள் என்று மருத்துவர்கள் சொன்னால், திருநெல்வேலியிலிருந்து பிரசவம் பார்க்க வந்த ஆச்சிக்கு உடனே ஒரு பயம் வரும்: “மல்லாக்கப் போட்டா, கக்குன பாலு பொரை ஏறிரும்லா?” நியாயமான கேள்வி. ஆனால் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்து, பால் அதன் வாயிலில் தேங்குகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலும் குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும். பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, பிறகு மல்லாத்திக் கிடத்துவதே சரி.

மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறிவுரைக்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவில் 1994இல் மல்லாத்திக் கிடத்தும் இயக்கம் தொடங்கியது. பத்தாண்டுக்குள் காரணம் புரியாத திடீர்ச் சிசு மரணங்களின் விகிதம் ஏறத்தாழப் பாதியானது. தூளியில் குழந்தை எப்போதும் மல்லாந்துதான் கிடக்கும். அந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிகள் முந்திக்கொண்டார்கள்.

மெத்தென்ற படுக்கையும் ஆபத்துதான். முகம் புதைந்தால் குழந்தை வெளிவிட்ட கரியமில வாயு அங்கேயே தேங்கி, அதையே திரும்ப மூச்சில் இழுக்கிறது. பாலிஸ்டிரீன் மணிகள் நிரப்பிய திண்டுகளில் இறந்த குழந்தைகளை ஆராய்ந்து, கெம்ப், தாக் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை 1991இல் விளக்கினார்கள். தலை உருண்டையாக வரும் என்று மும்பையில் விற்கும் கடுகுத் தலையணையும், இலவம்பஞ்சு மெத்தையும், பக்கவாட்டுத் திண்டுகளும், பொம்மைகளும் முதல் ஓராண்டுக்குக் குழந்தையின் உறக்கத்தில் தேவையே இல்லை.

இதற்காக விலையுயர்ந்த கட்டில் வாங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் தாயோடு ஒரே படுக்கையில் உறங்குவது பூர்வகுடிகளான மாவோரிகளின் வழக்கம். அதைத் தடுக்கப் பார்க்காமல், மருத்துவர் டேவிட் டிப்பெனே லீச்சும் நெசவுக் கலைஞர்களும் சேர்ந்து 2005 வாக்கில் வஹகுரா என்ற சிறு கூடையை உருவாக்கினார்கள். நார்ச்செடியின் இலையில் முடைந்தது, அடி தட்டையானது; தாயின் படுக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம், குழந்தைக்குத் தனி இடமும் கிடைக்கிறது. வழக்கத்தைப் பழிக்காமல் அதற்குள்ளேயே வழி கண்ட அந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்மிடம் பாய் இருக்கிறது. தரையில் பாய், மேலே மடித்த பருத்தி விரிப்பு ஒன்று, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தது. உறுதியும் சமதளமும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன. உருண்டு விழ உயரமும் இல்லை. அம்மாவின் பாயை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், குழந்தைக்குத் தனிப் பாய். அவர் கட்டிலில் படுத்தால், கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில். எடை குறைந்தோ, குறைமாதத்திலோ பிறந்த குழந்தையைப் பெரியவர்களின் மெத்தையில் நடுவே போடவே கூடாது. புகைபிடிப்பவரோ, மது அருந்தியவரோ, தூக்க மாத்திரை போட்டவரோ அருகில் படுப்பதும் ஆகாது. குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசம்.

நெருளின் கழிமுகக் கொசுவுக்குச் சுருள் கொளுத்தாதீர்கள். குடைக் கொசுவலை போதும். அதோடு வரும் குட்டி மெத்தையையும் தலையணையையும் எடுத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் அந்தச் சிறு நுரையீரலுக்கு வேண்டாம். புழுக்கத்தில் இரண்டு சுற்றுத் துணி சுற்றுவதும், உறக்கத்தில் குல்லா போடுவதும் உடலைச் சூடேற்றிவிடும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொன்ன கதகதப்பு வேண்டும்.

தூளியை ஆட்டும்போது ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், முகத்தில் துணி மூடாமல் பார்க்க வேண்டும். மின்விசிறி மாட்டிய கொக்கியில் கட்டக் கூடாது. வேலை முடிந்ததும் சேலையைச் சுருட்டி, பெரிய பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். தூளிக்குள் ஏறி முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய பிள்ளைகளின் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது.