நுண்ணுலகைக் குழந்தைகள் தாமே பார்க்கட்டும்

உயிரணுவின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்க நம் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், அவர்களில் பலர் ஓர் உயிரணுவைக்கூடத் தம் கண்ணால் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருந்தாலும், வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும்போது ஒவ்வொருவருக்கும் சில விநாடிகளே கிடைக்கின்றன. பார்க்காததை மனப்பாடம் செய்யும் பழக்கம் அறிவியலுக்கு நேர் எதிரானது. இக்குறையை வீட்டிலேயே ஓரளவு ஈடுசெய்ய முடியும் என்பதை என் மகனுடனும் மகளுடனும் கழித்த விடுமுறை நாட்களில் உணர்ந்தேன்.

நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு விவரித்தவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த அன்டனி வான் லேவன்ஹூக், தாமே உருவாக்கிய சிறு வில்லைகளைக் கொண்டு ஏரி நீரையும் மழை நீரையும் ஆராய்ந்தார். மிளகின் காரத்துக்குக் காரணம் அறிய, மிளகு ஊறிய நீரையும் பார்த்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தின. 1676-இல் அவர் எழுதியதை லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. மறு ஆண்டு, தாமும் அவ்வுயிர்களைக் கண்டதாக எட்டுப் பேர் அளித்த சாட்சியங்களை அவர் அனுப்பினார். ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து பார்த்து, உண்மை என்று உறுதிப்படுத்தினார். ஒருவர் கண்டதை மற்றவரும் கண்டு ஒப்பும்போதுதான் அது அறிவியலாகிறது.

இன்று இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையே தொடக்கத்துக்குப் போதும். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் 2014-இல் அறிமுகப்படுத்திய ‘ஃபோல்டுஸ்கோப்’ என்னும் காகித நுண்ணோக்கி, பொருட்களை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அதன் மூலப்பொருட்களுக்கான செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று அவர்கள் அப்போது கணக்கிட்டனர்.

பார்ப்பதற்கான பொருட்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. தூள் உப்பைக் கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் சிறு கனசதுரமாகத் தெரியும். அரிசி மாக்கோலத்தையும் கல்மாவுக் கோலத்தையும் அருகருகே வைத்தால், கல்மாவின் கூரிய விளிம்புகள் வேறுபாட்டைக் காட்டிவிடும். வெங்காயச் செதிலின் உட்புறத்தில் உள்ள மெல்லிய தோலை உரித்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு இட்டுக் காகித நுண்ணோக்கியில் நோக்கினால், உயிரணுக்களும் அவற்றின் உட்கருக்களும் புலப்படும். வைக்கோலைக் குளத்து நீரில் சில நாட்கள் ஊறவைத்தால், செருப்பு வடிவப் பாரமீசியம் நீந்துவதைக் காணும் வாய்ப்பு உண்டு.

இதில் பெற்றோர் காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. விடையை முதலில் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் பார்க்கட்டும், வரையட்டும், தமக்குத் தோன்றும் பெயரை இடட்டும். வெங்காயத் தோலைச் ‘செங்கல் சுவர்’ என்றாள் என் மகள். ‘பாய் முடைந்ததுபோல் இருக்கிறது’ என்றான் மகன். தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் மீண்டும் பார்க்கச் சொன்னேன். 1665-இல் தக்கையின் நுண்ணறைகளைக் கண்ட ஹூக், சிற்றறை என்னும் பொருள்படும் ‘செல்’ என்ற பெயரைச் சூட்டியதும் இத்தகைய ஒப்புமையால்தான். அந்தக் கதையைப் பிறகு சொன்னபோது, அது அவர்களுக்குப் பாடமாகத் தோன்றவில்லை.

ஒருநாள் குழாய் நீரின் ஒரு துளியைப் பார்த்தோம். எதுவும் தெரியவில்லை. ‘அப்படியென்றால் இதை அப்படியே குடிக்கலாமா?’ என்று மகன் கேட்டான். அந்த விடுமுறையின் மிகச் சிறந்த கேள்வி அதுவே. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளமே உடையவை. எங்கள் கருவியில் அவை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பெரும்பாலான வைரஸ்களைப் பள்ளி ஆய்வக நுண்ணோக்கியாலும் காண இயலாது. ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. தெளிந்த நீரையும் ஏன் காய்ச்சுகிறோம் என்பதை அன்று அவன் விளங்கிக்கொண்டான்.

மறுபுறம், நுண்ணுயிர் என்றாலே பகை என்று சோப்பு விளம்பரங்கள் பிள்ளைகளை அச்சுறுத்துகின்றன. இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்களே. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரில், கொசுப்புழு தலைகீழாகத் தொங்கி வால்பக்கக் குழாயால் மூச்சு விடுவதைக் கைவில்லையில் கண்ட பிள்ளைக்கு, டெங்கு விழிப்புணர்வு வாசகத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. அதுவே தட்டைக் கவிழ்த்துவிடும். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று பிரித்தறியும் பயிற்சி இது.

சில எச்சரிக்கைகள் அவசியம். வில்லை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. இரத்தம், கழிவுநீர் ஆகியவற்றைத் தொட வேண்டாம். கெட்டுப்போன உணவில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும்.

கைவில்லை வாங்க இயலாத வீடுகளும் உண்டு. பள்ளிகளும் கிளை நூலகங்களும் நூல்களைப் போலவே கைவில்லைகளையும் காகித நுண்ணோக்கிகளையும் இரவல் தரலாம். வாரத்தில் ஒரு மாலை அவை பிள்ளைகளின் கைகளில் இருந்தால், பாடநூலில் உள்ள உயிரணுப் படத்தைத் தாம் கண்டதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கும் தலைமுறை உருவாகும்.