விமானிக்கு வரும் எழுத்துச் செய்தி

வானில் செல்லும் விமானத்திற்கும் தரைக்கும் இடையே உள்ள உறவு செய்தி ஒன்றே. அச்செய்தி பழுதுபட்டால் என்ன நேரும் என்பதற்கு டெனரீஃப் விபத்தே சான்று.

1977 மார்ச் 27 அன்று அத்தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. டச்சு விமானம் ஒன்று ஓடுபாதையில் புறப்படத் தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம், “சரி” என்று தொடங்கிக் காத்திருக்கச் சொன்னது. அதே நேரத்தில், ஓடுபாதையில் எதிரே இருந்த அமெரிக்க விமானமும் தான் இன்னும் விலகவில்லை எனத் தெரிவித்தது. ஒரே அலைவரிசையில் இரு குரல்களும் மோத, “சரி” என்பதற்குப் பின் வந்தவை கீச்சொலியில் அமிழ்ந்தன. விபத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் 583 பேர் மாண்ட அத்துயரில் குரலின் குறைக்கும் பங்குண்டு.

வானொலியில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாது. காற்றின் வேகம், மேகத்தின் உயரம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஒலிபரப்பில் கேட்டு விமானி கையால் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் எண் பிழைத்தாலும் ஆபத்தே.

இக்குறையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, 1978இல் அமெரிக்காவில் ஏரிங்க் நிறுவனம் தொடங்கிய ‘ஏகார்ஸ்’ முறை. இதில் ஒவ்வோர் எழுத்தும் 0, 1 என்னும் குறிகளாக மாற்றப்பட்டு, நொடிக்கு 2400 குறிகள் வீதம் அனுப்பப்படுகிறது. ஒரு செய்தியில் 220 எழுத்துகள் வரை அடங்கும். விமானத்தின் பதிவெண்ணும் உடன் செல்வதால், உரிய விமானமே அதனை ஏற்கும். பிழையின்றி வந்ததா எனக் கருவியே சரிபார்த்து ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிடில் செய்தி மீண்டும் செல்லும். விமானி அதனைத் திரையில் படிக்கலாம், அச்சிட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் இறங்கவிருந்த விமானம், இடிமேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த கடுங்காற்றில் சிக்கியது. 137 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அமெரிக்க விமான நிலையங்கள் பலவற்றில் அத்தகைய காற்றைக் கண்டறியும் டாப்ளர் ராடார்கள் நிறுவப்பட்டன. அவற்றின் எச்சரிக்கை எழுத்து வடிவிலும் விமானி அறைக்குச் செல்கிறது.

சாதாரண வானொலி எட்டாத பெருங்கடல்களின் மேல், செயற்கைக்கோள் வழியே கட்டளைகளும் எழுத்தாகவே செல்கின்றன. வங்கக் கடலின் மேல் பறக்கும் விமானங்களுக்குச் சென்னைக் கட்டுப்பாட்டு நிலையமும் இம்முறையைப் பயன்படுத்துகிறது. “செய்கிறோம்”, “இயலாது”, “பொறுத்திருங்கள்” என்னும் பொருளுள்ள விடைகள் ஆயத்தமாகவே உள்ளன.

எனினும், தரையை நெருங்கும்போது திரையைப் படித்துக்கொண்டிருக்க நேரமிராது. அங்கே குரலே கைகொடுக்கும். குரல் விரைந்து வரும். எழுத்து நிலைத்து நிற்கும். இரண்டும் துணைநின்றால்தான் பயணம் பாதுகாப்பாகும்.