காயம் ஆறட்டும், தண்ணீர் பிறகு

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் வரைக்கும் நெல்லும் கரும்பும் வாழையும் விளைகிற பூமி. ஏரிப் பாசனம், காலை இழுக்கும் களிமண், ஐப்பசி கார்த்திகையில் விட்டு விட்டுக் கொட்டும் மழை. பாலைவனத்துச் செடிக்கு இதைவிடப் பொருந்தாத இடம் இருக்க முடியாது. ஆனாலும் திண்ணையிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் முள் உருண்டைகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. ஆண்டுதோறும் புதுச்சேரி வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சிக்குப் போய்வருகிறவர்கள் கையில் ஒரு சின்னத் தொட்டியாவது இருக்கும்.

வாங்கி ஒன்றிரண்டு வருடம் போனால் தாய்ச்செடியின் அடியில் நாலைந்து குட்டிகள் முளைக்கும். உடனே கை பரபரக்கும்: பிரித்துத் தனியாக வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். வாழையில் பக்கக்கன்று பெயர்த்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. வம்பு அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. வாழைக்கன்றைப் பெயர்த்த கையோடு நட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் கள்ளிக் குட்டிக்கும் செய்தால், சில நாளிலேயே அடிப்பாகம் கொழகொழத்துச் சாய்ந்துவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தக் கள்ளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலியோரத்துச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டிகளில் நாம் வளர்க்கும் கேக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியது. ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் மரக்கிளைகளில் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஓர் இனம்தான் விதிவிலக்கு. இன்னோர் அடையாளமும் உண்டு. கேக்டஸில் முட்கள் தண்டிலிருந்து நேரே கிளம்புவதில்லை. பஞ்சு ஒட்டிவைத்ததுபோல் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஒரு கொத்து முள் வரும். அந்தத் திட்டு உண்மையில் ஒரு மொட்டு. முள், பூ, பக்கக்கன்று மூன்றுக்கும் அதுதான் பிறப்பிடம். மாமில்லேரியா வகைகளில் மட்டும் பூவும் கன்றும் பெரும்பாலும் முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்திலிருந்து எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு மொட்டுகள் இருந்தும் எல்லாமே கன்றாவதில்லை. தண்டின் உச்சியில் உற்பத்தியாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கியபடி பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. உச்சி அடிபட்டாலோ, வெட்டுப்பட்டாலோ அந்தப் பிடி தளர்ந்து, தூங்கிய மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. நர்சரிக்காரர்கள் சில செடிகளின் தலையை வேண்டுமென்றே சீவிவிடுவது இதற்காகத்தான். எக்கினாப்சிஸ், ரெபூஷியா போன்றவை யாரும் சீவாமலேயே குட்டி போட்டுத் தள்ளும். தங்கப் பந்து என்று விற்கிறார்களே, அது வயதாகும்வரை ஒற்றையாகவே நிற்கும். அதில் குட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குட்டி எலுமிச்சை அளவுக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. சின்ன இனமென்றால் கோலிக்குண்டு அளவு போதும். தாயிடமிருந்து தண்ணீரும் சர்க்கரையும் வாங்கி உடம்பில் சேர்த்துக்கொண்ட குட்டிதான் பிரிந்த பிறகு பட்டினி கிடந்து தாக்குப்பிடிக்கும். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தாய்க்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். காய்ந்த மண் வேரிலிருந்து உதிரும். ஈர மண் வேரைப் பிய்த்துக்கொண்டு வரும். செய்தித்தாளை நாலாக மடித்துப் பட்டையாக்கிச் செடியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. குட்டியை இடமும் வலமும் மெல்லத் திருகினால் பல இனங்களில் கையோடு வந்துவிடும், ஏனென்றால் தாயோடு அது ஒட்டியிருக்கும் கழுத்து மிகக் குறுகலானது. வராவிட்டால் இழுக்காதீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கூரான கத்தியால் அந்தக் கழுத்தில் ஒரே வெட்டு.

வெட்டிய முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். வெளியில் பச்சைத் தோல், உள்ளே வெளிர்ந்த, வழுவழுப்பான சதை, நடுவில் நூல் புள்ளிகளாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையம்தான் தண்ணீரும் உணவும் போய்வரும் குழாய்கள். வளையம் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். ஒரு புள்ளியாவது பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ தெரிந்தால் அழுகல் உள்ளே ஏறிவிட்டது. கத்தியை மறுபடி துடைத்துக்கொண்டு, புள்ளி மறையும்வரை மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போகவேண்டும். இதில் தயவு பார்த்தால் முழுக் குட்டியும் போய்விடும்.

இப்போது செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. காற்றோட்டமான நிழலில் குட்டியைக் காகிதத்தின் மேல் வைத்துவிட வேண்டும். தாய்ச்செடியின் காயத்துக்கும் அதே கவனிப்புத்தான். சின்ன வெட்டுக்கு மூன்று நாலு நாள், அகலமான வெட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள். இந்த நாட்களில் வெட்டுமுகத்தின் ஓரத்துச் செல்கள் சூபரின் என்ற மெழுகுப் பொருளைத் தங்கள் சுவர்களில் பூசிக்கொள்கின்றன. புட்டி மூடும் தக்கைக்குள் தண்ணீர் ஏறாமல் காப்பதும் சூபரின்தான். ஈரமாகப் பளபளத்த முகம் மங்கி, லேசாகக் குழிந்து, பழுப்புத் தோல் கட்டும். விரலால் தொட்டால் காகிதம்போல் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் ஈரமண்ணில் வைத்தால், சர்க்கரையும் பசையும் கசியும் அந்தத் திறந்த சதை மண்ணிலுள்ள பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. மஞ்சள்தூள் பூசுகிறவர்கள் பூசலாம், கெடுதல் இல்லை. ஆனால் காப்பாற்றுவது காய்ச்சல்தான்.

வேரும் இல்லை, தண்ணீரும் இல்லை, இத்தனை நாள் குட்டி எப்படி உயிரோடு இருக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கான விடையின் முதல் நுனி கிடைத்தது இந்தியாவில்தான். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹைனே. நம் வீடுகளில் வளரும் ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு நேரத்தில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் ஒரு சுவையும் இல்லை, மாலையில் லேசான கசப்பு. அதை ஒரு கடிதமாக எழுதினார். லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் 1815-ல் அது வெளியானது.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலம். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது கூடவே ஏராளமான தண்ணீரை ஆவியாக இழக்கின்றன. ரணகள்ளியும் கேக்டஸும் துளைகளை இரவில் திறக்கின்றன. குளிர்ந்த இருட்டில் வாங்கிய வாயுவை அமிலமாக்கிச் சேமித்துக்கொண்டு, விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அந்தச் சேமிப்பிலிருந்து வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. வறட்சி முற்றினால் இரவிலும் துளைகளைத் திறக்காமல், தாம் மூச்சாக விடும் கரியமில வாயுவையே உள்ளுக்குள் மறுபடி பயன்படுத்தி வாரக்கணக்கில் ஓட்டிவிடும். காகிதத்தின் மேல் கிடக்கும் குட்டி செய்வதும் இதைத்தான். அது கொஞ்சம் சுருங்கும், சுருங்கட்டும். குட்டியின் உச்சியிலிருந்து இறங்கி வந்த ஆக்சின் அடியில் தேங்கி நிற்க, குழாய் வளையத்தை ஒட்டிய செல்கள் அதற்கிடையில் புதுவேருக்கு ஆயத்தமாகின்றன. மண்ணே படாத குட்டியின் அடியில் வெள்ளை வேர்முனைகள் துருத்திக்கொண்டு வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது மண். பாகூர்ப் பக்கத்துக் களிமண் நெல்லுக்குத் தங்கம், கள்ளிக்கு விஷம். நனைந்தால் காற்று புகாது, காய்ந்தால் கல்லாக இறுகும். செம்மண் ஒரு பங்கு, கழுவிய கரகரப்பான ஆற்றுமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் சில்லு ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்குக்கும் குறைவாக. எம்-சாண்ட் என்றால் மாவுபோன்ற தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு இளம்வேரை எரித்துவிடும். கலவை சரியா என்று பார்க்கத் தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் அடித்துளை வழியாக ஓடிவர வேண்டும். மேலே குளம் கட்டினால் சில்லைக் கூட்டுங்கள். சரியாக வந்த கலவையை வெயிலில் உலர்த்தி, காய்ந்த நிலையில்தான் நடவுக்கு எடுக்கவேண்டும்.

தொட்டி விஷயத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலைப்பாடுகளின் ஊரான வில்லியனூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மெருகு பூசாத சுடுமண் தொட்டியின் சுவரே மூச்சுவிடும். மண்ணின் ஈரம் அடித்துளை வழியாக மட்டுமல்லாமல் சுவர் முழுவதிலும் கசிந்து ஆவியாகும். காற்றே ஈரமாக இருக்கும் நம் கடலோரத்தில் இது பெரிய உதவி. பளபளக்கும் பீங்கான் கிண்ணம் அலமாரிக்கு அழகு. அடியில் துளையில்லாவிட்டால் அதில் செடி வைக்காதீர்கள். அளவும் முக்கியம்: குட்டியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

காயம் காய்ந்த குட்டியைப் புதைக்கவேண்டாம். கலவையின் மேல் உட்காரவைத்து, சாயாமலிருக்க நாலு கல்லை முட்டுக் கொடுத்தால் போதும். இன்னொரு வாரம் கழித்து முதல் தண்ணீர். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே ஊற்றுங்கள். உப்பேறிய போர்த் தண்ணீர் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தாலே உள்ளே என்ன சேர்கிறது என்று புரியும். மூன்று நாலு வாரத்தில் குட்டியை மெல்ல அசைத்தால் ஒரு பிடிப்புத் தெரியும். அதன்பிறகுதான் நேர்வெயில், அதுவும் காலை வெயிலிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக. இளம் குட்டியை எடுத்த எடுப்பில் சித்திரை வெயிலில் வைத்தால் வெளுத்துத் தழும்பாகும்; அந்தத் தழும்பு கடைசிவரை போகாது.

மாசியும் பங்குனியும்தான் இதற்கேற்ற பருவம். மழை விட்டிருக்கும், வெயில் கொளுத்தத் தொடங்கியிருக்காது, செடி வளரத் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தியைத் தொடவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் ஆறாத வெட்டு ஆறவே ஆறாது. வேரூன்றிய செடிகளைக்கூடக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட வேண்டும். பெய்கிற மழை அவற்றைக் கொல்வதில்லை, நாட்கணக்கில் தேங்கும் ஈரம்தான் வேரை மூச்சுமுட்ட வைக்கிறது.

கடைகளில் அதிகம் விற்பதாலேயே ஒரு செடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பச்சைத் தண்டின் தலையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பந்து உட்கார்ந்திருக்குமே, நிலாக் கள்ளி, அதைப் பிரிக்க நினைக்காதீர்கள். அந்தப் பந்து ஜிம்னோகேலிசியம் என்ற கள்ளியில் ஏற்பட்ட ஒரு திடீர் மாற்றம். அதில் பச்சையம் இல்லை, தனக்கான உணவைச் சமைக்க முடியாது. கீழேயுள்ள முப்பட்டைத் தண்டு நமக்குத் தெரிந்த டிராகன் பழக் கொடியின் துண்டு. அது சமைத்துப் போடுவதைத்தான் பந்து சாப்பிடுகிறது. சிவப்புக் குட்டியைக் கிள்ளி எவ்வளவு நல்ல மண்ணில் வைத்தாலும், இருப்புத் தீர்ந்ததும் செத்துப்போகும். வாழவைக்க ஒரே வழி, இன்னொரு பச்சைத் தண்டின் தலையைச் சீவி, இரண்டின் குழாய் வளையங்களும் தொட்டுக்கொள்ளும்படி பொருத்தி ரப்பர் பேண்டால் கட்டிவைப்பது. அங்கே காயத்தைக் காயவிடக் கூடாது. வெட்டிய ஈரத்தோடு ஒட்டவேண்டும்.

பிரித்தெடுத்த துண்டு தனிச்செடியாகும் இந்தத் திறமைக்கு நம் மண்ணில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. மெக்சிகோவில் கள்ளிமேல் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் கருஞ்சிவப்புச் சாயம் ஸ்பெயினின் ஏகபோகமாக இருந்தது. அதை உடைக்க நினைத்தவர்களில் ஒருவர் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். பூச்சிக்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டமே போட்டார்கள். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி நல்ல சாயம் தரும் இனமில்லை. சாய வியாபாரம் படுத்துவிட்டது. சப்பாத்திக் கள்ளி மட்டும் நிலைத்தது. ஒரு மட்டை உடைந்து விழுந்தால் அதுவே காயம் ஆற்றிக்கொண்டு வேர்விடும். ஆடுமாடு மிதித்துத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. தென்னாட்டில் தரிசும் மேய்ச்சல் நிலமும் அதற்குள் மறைந்தன. வெட்டுவது அதைப் பெருக்கவே உதவியது. கடைசியில் பூச்சியே கைகொடுத்தது. சாயத்துக்கு உதவாத அந்தப் பழைய இனம் ஒருவகைக் கள்ளியை அழித்தது. முள் மிகுந்த இன்னொரு வகையை அடக்க, டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே என்ற வேறோர் இனத்தை 1926-ல் இலங்கை வழியாகக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும் பரப்புகள் மீண்டன. களைச்செடியைப் பூச்சியால் கட்டுப்படுத்தும் முறையை உலகம் கற்றுக்கொண்ட ஆரம்பப் பாடங்களில் இது ஒன்று.

இன்றும் வாய்க்கால் மேட்டுச் சப்பாத்திக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக வழியும். அதே பஞ்சு உங்கள் தொட்டிச் செடியிலும் வரலாம். நசுக்கினால் சிவக்காதது மாவுப்பூச்சி. இரண்டுக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பதே சின்னத் தொட்டிக்குப் போதுமான வைத்தியம்.

குட்டிகள் மிஞ்சினால் அக்கம்பக்கத்தில் கொடுங்கள். சப்பாத்திக் கள்ளி மட்டைகளை மட்டும் ஏரிக்கரையிலோ குப்பைமேட்டிலோ வீசிவிடாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கோடை வெயிலில் போட்டுவிட்டு, உள்ளே எல்லாம் வெந்து கூழானதைப் பார்த்த பிறகே கொட்டுங்கள்.