தரையில் மோதும் விமானங்கள்: பொறுப்பு யாருடையது?

புது தில்லி: விமான விபத்து என்றதும் வானமே நினைவுக்கு வருகிறது. ஆனால், நடை வேகத்தில் நகரும் விமானங்கள் தரையில் மோதிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் உயிரிழப்பு இல்லாததால் அவை ஒரு நாள் செய்தியாகவே மறைந்து விடுகின்றன.

2022 மார்ச் 28-ல் தில்லியில், ஜம்மு செல்லவிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானம் பின்னோக்கித் தள்ளப்பட்டபோது அதன் இறக்கை கம்பத்தில் மோதியது. 2024 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், பயணிகளின்றி இழுத்துச் செல்லப்பட்ட வர்ஜின் அட்லாண்டிக் விமானம், நின்றிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் மோதியது.

ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைகள் முனைக்கு முனை சுமார் 36 மீட்டர். இழுவை வண்டி ஓட்டுநரோ விமானத்தின் மூக்குப் பகுதியருகே அமர்ந்திருப்பவர். இரு முனைகளையும் அவரால் ஒரே நேரத்தில் கவனிக்க இயலாது. இறக்கை முனைகளை ஒட்டி நடந்து சைகை காட்டும் ஊழியர்களே அவருக்குக் கண்கள். ஆள் குறைந்தாலோ, அவசரப்படுத்தினாலோ ஆபத்துதான்.

2024 மார்ச் 27-ல் கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இண்டிகோ விமானிகள் இருவரும் உடனடியாகப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். இழுவைப் பணியில் பொறுப்பு இவ்வளவு தெளிவானதல்ல. விமானம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். இழுப்பவர் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். இடம் விமான நிலையத்துடையது.

இதில் பொருட்சேதத்தை விடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. கலப்புப் பொருள்களால் ஆன புதிய ரக விமானங்களில், வெளியே சிறு அடையாளம் மட்டுமே தெரிந்தாலும் உள்ளே சேதம் மறைந்திருக்கக் கூடும். வேலை பறிபோகும் என்றஞ்சி ஊழியர் அதை மறைத்துவிட்டால், அந்த விமானம் பயணிகளுடனேயே வானேறும்.

தரைப் பணியில் உயிர்ப்பலியும் நேர்ந்துள்ளது. 2015 டிசம்பரில் மும்பையில், பின்னுக்குத் தள்ளும் பணி முடிந்து ஊழியர்கள் விலகும் முன்பே ஏர் இந்தியா விமானம் நகர்ந்ததால், அதன் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டுத் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் மாண்டார்.

கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திலோ, அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்ததாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தால் மட்டும் போதாது. அவற்றைத் தரையில் நகர்த்துவோருக்குப் பயிற்சியும், போதிய ஓய்வும், தவறை அஞ்சாமல் ஒப்புக்கொள்ளும் உரிமையும் வேண்டும். வானில் பாதுகாப்பு என்பது தரையிலேயே தொடங்குகிறது.