பழமும் கல்லீரலும்

மனிதர் அருந்தும் மது பெரும்பாலும் கல்லீரலிலேயே சிதைக்கப்படுகிறது. அப்போது அசிட்டால்டிகைடு என்னும் நச்சுப்பொருள் தோன்றிக் கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. மதுப்பழக்கம் நீடித்தால் கல்லீரலில் கொழுப்புப் படியும், அழற்சி உண்டாகும், நாளடைவில் நார்த்திசு பெருகி அவ்வுறுப்பு செயலிழக்கும்.

பழங்களில் உள்ள வைட்டமின் சி இப்பாதிப்பைக் குறைக்குமா? திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் அமைந்துள்ள கேரளப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் இதனை ஆராய்ந்தனர். சோதனைக்கு அவர்கள் கினிப்பன்றிகளைத் தேர்ந்தெடுத்தனர். எலியின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கினிப்பன்றியோ, மனிதரைப் போலவே, அதனை உணவிலிருந்தே பெற வேண்டும்.

கினிப்பன்றிகளுக்கு 90 நாள்கள் மது கொடுக்கப்பட்டு, பின்னர் நிறுத்தப்பட்டது. அடுத்த 30 நாள்கள் ஒரு பிரிவுக்கு மட்டும் வைட்டமின் சி அளிக்கப்பட்டது. மதுவை நிறுத்தியதோடு வைட்டமின் சி-யும் பெற்ற பிரிவின் கல்லீரல், மதுவை நிறுத்திய பிரிவினதைவிட நன்கு தேறியது. இம்முடிவு 2013-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

எனினும், அங்கு அளிக்கப்பட்டது பழமன்று. பழத்திலிருந்து கிடைப்பதைவிட மிகுந்த அளவிலான வைட்டமின் ஆகும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. நெல்லி, ஆரஞ்சு ஆகியவற்றிலும் அது உண்டு. இவற்றை நாள்தோறும் உண்பது நன்று. ஆனால், குடித்துக்கொண்டே பழம் உண்பவரின் கல்லீரலைப் பழம் காவாது. மதுவை விடுதலே முதல் மருந்து. பழம் அதற்குத் துணை மட்டுமே.

வினாக்கள்

1. சோதனைக்குக் கினிப்பன்றிகள் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்?
2. ‘பழம் துணை மட்டுமே’ – விளக்குக.