வளையம் வாய் திறந்தால் யார் பொறுப்பு?

கையால் தைத்த தோல் பை தோளிலிருந்து அறுந்து விழுந்தால், பெரும்பாலும் கிழிந்தது தோலாக இருக்காது. வாரையும் பையையும் இணைத்திருந்த வளையம் வாய் திறந்திருக்கும், அல்லது ரிவிட்டின் தலை பிய்ந்திருக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பையில் சில ரூபாய் மட்டுமே பெறுகிற உலோகத் துண்டு அது. ஆனால் பையின் முழுப் பாரமும் அதன்மேல்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் தோலை முகர்ந்து பார்க்கிறார்கள், தையலைத் தடவிப் பார்க்கிறார்கள். வளையத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

குற்றாலத்தில் தோல் பை வாங்குகிறவர்களும், தென்காசி வட்டாரத்தில் அதைத் தைக்கிறவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட், செப்டம்பர் வரை சீசன். ஈரத் துண்டும் மாற்றுத் துணியும் திணித்த பை மெயின் அருவியிலிருந்து ஐந்தருவிக்கும், அங்கிருந்து பழைய குற்றாலத்துக்கும் தோளில் தொங்கியபடியே போகும். ஈரமும் பாரமும் சேர்ந்தால் முலாம் பூசிய இரும்பு தன் குணத்தைக் காட்டிவிடும். அதோடு, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். கடைகளில் பல சீசனுக்கென்று போடப்பட்டவை. பழுது தெரியவரும்போது வாங்கியவர் மதுரையிலோ கொல்லத்திலோ இருப்பார், கடை இருந்த இடத்தில் கடை இருக்காது. யாரிடம் போய்க் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை, சட்டம் அந்த அளவுக்கு மாறியிருக்கிறது. அதற்கு முன் பொருளைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பொன் நிறத்தில் மின்னுவதெல்லாம் பித்தளை என்றே விற்கப்படுகிறது. இரும்புக் கம்பியை வளைத்து முலாம் பூசியதும் அதில் உண்டு, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து முலாம் பூசியதும் உண்டு. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாக வார்ப்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பதால், மொத்தமாக வாங்கும் கைவினைஞர் ஒரு வளையத்தை அரத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் வார்ப்பு. மலிவான வார்ப்பு வளைந்து எச்சரிக்காது, சட்டென்று ஒடியும். சிறிய பர்ஸின் கொக்கிக்கு அது போதும். மடிக்கணினி தூக்கும் வாருக்கு அதைப் போடவே கூடாது என்பேன்.

கம்பியால் செய்த டி-ரிங் என்ற டி வடிவ வளையத்தில் இரு முனைகளும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கும். அது பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, வெறுமனே நெருங்கி நிற்கிறதா என்று நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும். பற்றவைக்காத வளையம் இழுவையில் சிறிது சிறிதாக விரியும். பேருந்தைப் பிடிக்க ஓடும்போது பையை வெடுக்கென்று தோளில் போடுகிறோமே, அந்தக் கணத்து இழுப்பு பையின் எடையைவிடப் பல மடங்கு. நகத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனையை வாங்குகிறவர் கடையிலேயே வெறுங்கையால் செய்துவிடலாம் என்பதால் அதை மறக்கவே கூடாது.

தோலும் உலோகமும் ஒன்றுக்கொன்று வினையாற்றும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கும். அதன்மேல் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் கறுப்புக் கறை படியும். இரும்பையும் துவர்ப்புச் சத்தையும் சேர்த்துத்தான் பழைய நாளில் எழுத்து மை காய்ச்சினார்கள். பையில் ஏறிய கறையும் அப்படித்தான் நிலைத்துவிடும். சாரலில் ஒருநாள் நனைந்தாலே போதும். பித்தளையைச் சுற்றி வரும் பச்சைப் பிசுக்கு வேறு வகை. தோலில் உள்ள கொழுப்போடு செம்பு சேர்ந்து உண்டாவது அது. துடைத்துவிடலாம், பயப்பட வேண்டியதில்லை.

பொருத்தும் முறையில்தான் தைக்கிறவரின் நேர்மை தெரியும். வாரைத் தோலின் முதுகுப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். வளையத்தைச் சுற்றி மடிக்கும் இடத்தில் தோலைச் சீவ வேண்டும்தான், ஆனால் அளவுக்கு மீறிச் சீவினால் அங்கேயே அறும். ரிவிட்டுக்குப் போடும் துளை அதன் காலுக்குச் சரியாக இருக்க வேண்டும். கால் நீளம் அதிகமானால் உள்ளே மடங்கிக்கொண்டு வெளியே நன்றாக அடித்ததுபோலத் தெரியும். அப்படிப்பட்ட ரிவிட் ஏமாற்றிவிடும். தனி ரிவிட்டை மட்டும் நம்பாமல் பக்கத்திலேயே குறுக்குத் தையலும் போடுகிறவர் பாரம் அறிந்தவர்.

இனி உரிமைக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, பொதுவாக விற்றவர் இருக்கும் ஊரிலோ வாங்கிய ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அல்லது அவர் வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். குற்றாலத்தில் வாங்கிய பைக்குக் கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரிலேயே நீதி கேட்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். பல சச்சரவுகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆணையத்துக்குப் போனால் 3 மாதத்தில், பரிசோதனைக்கூடத்துக்குப் பொருளை அனுப்ப நேர்ந்தால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே இழுக்கும்; அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு இறங்குவது நல்லது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. வளையம் விட்டு, உள்ளே இருந்த கைபேசி உடைந்துபோனால் அந்த நட்டத்துக்கும் வழி உண்டு: பொருளால் விளைந்த பொறுப்பு என்று இந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாத பொருள் என்றால் விற்றவரே பொறுப்பாளி ஆகலாம் என்கிறது அதன் 86ஆம் பிரிவு. பையில் செய்தவர் பெயர் இல்லாதது கடைக்காரருக்குத்தான் ஆபத்து.

சீசன் கடையில் வாங்குகிறவர் கடைப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். யுபிஐ-யில் பணம் கட்டினால் பெற்றவர் பெயரும் தேதியும் பதிவாகும். கையில் பில் இல்லாதபோது அதுவே சான்று. உடைந்த வளையத்தைத் தூக்கி எறியக் கூடாது. ஒட்டவைத்துச் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு வரும் கேடும் உண்டு. நிக்கல் முலாம் பூசிய கொக்கி தோள்பட்டையிலோ கழுத்திலோ நாள்பட உரசினால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் இருக்கும். நெடுநேரம் உடம்பில் படும் பொருள்களில், சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. உள்ளூரில் வாங்குகிறவரும் நிக்கல் உண்டா என்று கேட்கலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, வளையத்தை வீட்டுத் திண்ணையிலேயே பற்றவைக்கிறவர்களின் நிலை. துத்தநாகம் பூசிய கம்பியைச் சூடேற்றினால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்துச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும். சாரல் காலத்துக் காய்ச்சல் என்று எண்ணி மாத்திரை போட்டுவிட்டு மறுவாரம் திரும்பவும் அதே வேலைக்கு உட்காருவார்கள். பூச்சில்லாத கம்பியை வாங்குவதுதான் தீர்வு. நகைத் தொழிலில் கே.டி.எம். என்ற பெயரில் நாம் கேள்விப்பட்ட காட்மியம் கலந்த பற்றாசு இன்னும் கொடியது. அதன் புகை நுரையீரலையே சிதைக்கும். அதை வாங்கவே வேண்டாம். தோல் ஒட்டும் பசையில் ஹெக்ஸேன் கலந்திருந்தால் காற்றோட்டமில்லாத அறையில் நாள்பட நரம்பு கெட்டுக் கைகால் மரத்துப்போகும். பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில் இந்த வேலை எதுவும் நடக்கக் கூடாது.

கைவினைஞரும் ஏமாற்றப்படுகிறவர்தான். சென்னைப் பெரியமேட்டுக் கடையிலோ இணையத்திலோ பித்தளை மாதிரி காட்டி, மூட்டையில் வேறு வந்து சேர்ந்தால், 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் துணைக்கு வரும். மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. ஆகவே மாதிரி வளையம் ஒன்றைப் பில்லோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். சரக்கு வந்ததும் பிரித்துப் பார்த்து, குறையை உடனே வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிட வேண்டும். நாள்கணக்கில் சும்மா வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். சுயதொழிலுக்கென்று வாங்கிய தையல் மிஷின், ரிவிட் அழுத்தும் கருவி போன்றவை பழுதானால், அவற்றை வாங்கிய கைவினைஞரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.

தோல்பொருள் செய்கிறவர்களுக்கென்று அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் தொழிலாளர் துறையில் பதிந்துகொண்டால் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றைக் கேட்க முடியும். கடைக்குப் பை விற்றுவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் நடக்கிறவர்கள் குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை உடனே செய்துகொள்வது நல்லது, அது இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இந்த உரிமையை முழுதாகக் கேட்க, பையைக் கடையில் ஒப்படைப்பதற்கு முன்பே உத்யம் எண் கையில் இருக்க வேண்டும். ஒப்படைத்த நாளையும் பைகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள ஒரு சின்ன நோட்டுப் போதும்.