மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டாவும் வெம்பிளிக் கொட்டிலும்

யாழ்ப்பாண முற்றுகைக் காலத்தைப் பற்றி இலண்டனில் எவர் எழுதினாலும் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் வந்தே தீரும். ஒரு சாராருக்கு அது எமது மேதைமையின் சான்று. மறு சாராருக்கு எமது அவலத்தின் சின்னம். இரு சாராரும் அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்ததில்லை என்பது எனது அபிப்பிராயம். நானும் அண்மைக்காலம்வரை பார்த்ததில்லை. ஊரில் கராஜ் வைத்திருந்து இப்போது வெம்பிளியில் வாழும் நண்பர் ஒருவர், பழைய யமஹா ஆர்.டி. 350 எல்.சி. ஒன்றைத் தமது பின்வளவுக் கொட்டிலில் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறார். அவரோடு கழித்த சில ஞாயிற்றுக்கிழமைகளின் பயனே இக்கட்டுரை.

முதலில் அடிப்படை. பிஸ்ரன் மேலேறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் எரிபொருளாவியும் நசுக்கப்படுகின்றன. எத்தனை மடங்கு நசுக்கப்படுகின்றன என்பதே அமுக்க விகிதம். அதைக் கூட்டினால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வலு கிடைக்கும். ஆனால் நசுக்கப்படும் வாயு சூடாகும். சூட்டைத் தாங்காத எரிபொருள், பிளக் கொளுத்திய சுவாலை வந்து சேருமுன்பே தானாக வெடிக்கும். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்தச் சத்தம் நீடித்தால் பிஸ்ரனின் தலையில் ஓட்டை விழும். பெற்றோல் நிலையங்களில் எழுதியிருக்கும் ஒக்ரேன் எண் குறிப்பது இந்தத் தாங்குதிறனையே. இங்கு சாதாரண பெற்றோலுக்கு அது 95. மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு அது ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, பற்றாது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. பெற்றோல் துளிக்கணக்கில் எண்ணும் பண்டமாயிற்று. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆயினும் ஒப்பீட்டளவில் கிடைத்தது. அப்போது வீதியில் இருந்தவை ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200, எம்.டி. 90 போன்றவை. எம்.டி. 90 யப்பானியத் தபாற்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, அங்கே ஓடி முடித்தபின் எம்மிடம் வந்த வண்டி. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தட்டும் சத்தத்தை எப்படி அடக்கினார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நண்பர் செய்தது சிலிண்டருக்கு மேலிருக்கும் கஸ்கற்றை இரட்டிப்பது. சிறு கணக்கொன்று போட்டால் விளங்கும். பிஸ்ரன் 40 மில்லிமீற்றர் தூரம் ஓடுகிறது, உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் வெளி 5 மில்லிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 45ஐ 5ஆல் பிரித்தால் அமுக்க விகிதம் ஒன்பது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் இன்னொரு கஸ்கற் வைத்தால் 46ஐ 6ஆல் பிரிக்க வேண்டும். விகிதம் ஏழரைக்குச் சற்று மேலே இறங்கிவிடும். வலு குறையும், ஏற்றத்தில் மூச்சுத் திணறும், ஆனால் பிஸ்ரன் தப்பும்.

இது முற்றுகை பெற்றெடுத்த அற்புதமா? அப்படிச் சொல்வோரோடு நான் உடன்படவில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்று நீர் இறைத்த எமது தோட்டக்காரர், பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்களை முற்றுகைக்கு மிக முன்பிருந்தே பாவித்து வந்தார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் காபுரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி மறுநாட் காலை வண்டி பற்றாது என்பது அந்தத் தோட்டத்துப் பாடம். பிரித்தானிய விவசாயிகளும் இதையே செய்தார்கள். கொவென்றியில் செய்யப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரத்தின் ரி.ஈ.டி. 20 என்ற வகை 1949இல் வந்தது. பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடியது. அதன் அமுக்க விகிதம் ஐந்தை அண்டியது. அங்கே பொறியியலாளர் வரைபலகையில் குறைத்ததை இங்கே கராஜ்காரர் கஸ்கற்றால் குறைத்தார். ஆகவே மேதைமை என்றால் அதில் பெரும்பங்கு தோட்டத்துக்கு உரியது. எமது மேடைகளில் தோட்டக்காரரின் பெயர் அடிபடுவதில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீராய் இளகும், பெயரிங்குகள் தேயும். பிளக் கரி பிடிக்கும். கண்ணை எரிக்கும் புகையைப் பின்னால் வந்த சைக்கிள்காரர் சுவாசித்தார். உதிரிப்பாகம் வராத ஊரில் தேய்ந்தது தேய்ந்ததுதான். அதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வோர் ஒருமுறையாவது அந்த ஒயிலை மாற்றியிருக்க வேண்டும்.

வெம்பிளிக் கொட்டிலில் நடப்பது இதற்கு நேரெதிர். 1980இல் சந்தைக்கு வந்த அந்த யமஹா, நீரால் குளிரூட்டப்படும் 347 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டி. சிலிண்டர்த் தலையில் வால்வுகள் இல்லை, சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்களைப் பிஸ்ரனே திறந்து மூடும். வலுக் கூட்ட விரும்புவோர் சிலிண்டர்த் தலையைச் சீவி அமுக்கத்தை ஏற்றுகிறார்கள், துவாரங்களை அரத்தால் பெருப்பிக்கிறார்கள், சைலன்சரை மாற்றுகிறார்கள். ஊரில் இறக்கிய கை இங்கே ஏற்றுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வகை இயந்திரத்தில் சிலிண்டரின் அடியில் தடித்த கஸ்கற் வைத்தால் துவாரங்களும் மேலே போய், அவை திறந்து மூடும் நேரமே மாறிவிடும். தலைக்குக் கீழே வைத்தால் அமுக்கம் மட்டும் மாறும். ஹொண்டாவில் அந்தத் துவாரங்கள் இல்லை. ஆனால் எங்கே தடிப்பைக் கூட்டினாலும், வால்வை இயக்கும் சங்கிலி இழுபட்டு அதன் நேரம் சிறிது பின்தங்கும்.

இலண்டனிலும் எரிபொருள் தொல்லை இல்லாமலில்லை. 2021 செப்ரெம்பரில் சாதாரண பெற்றோலில் எதனோல் பத்து வீதம்வரை கூட்டப்பட்டது. அது ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். நண்பர் விலைகூடிய மற்றப் பெற்றோலையே ஊற்றுகிறார். 2023 ஓகஸ்ட் 29 முதல் மாநகர் முழுவதும் பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுண் புகைக் கட்டணம். நாற்பது வயதைத் தாண்டி, வரலாற்று வண்டியாகப் பதியப்பட்டால் விலக்குண்டு. 'எனக்கில்லாத சலுகை இதுக்கு' என்று நண்பர் சிரித்தார்.

அவரது மேசையில் ஒயில் படிந்த ஹேன்ஸ் கைநூல் ஒன்று கிடந்தது. 1966இல் தொடங்கிய அந்த வரிசை, ஒரு வண்டியை முழுதாகக் கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு படியையும் படமெடுத்து எழுதுவது. மண்ணெண்ணெய் ஹொண்டாவுக்கு அப்படியொரு பக்கத்தையும் நான் கண்டதில்லை. எந்த ஜெற், எவ்வளவு தடிப்பு, எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயில் என்பதெல்லாம் இன்று எழுபதை அண்டும் சிலரது நினைவில் மட்டுமே உண்டு. நான் ஒரு கொப்பியோடு போனேன். எத்தனை கஸ்கற் வைத்தீர்கள் அண்ணை என்று கேட்டேன்.

'ரண்டு. சிலதுக்கு மூண்டு. செப்புத் தகட்டிலை வெட்டிறது.'

தடிப்பு?

'அளக்கிறதுக்கு என்னட்டை என்ன இருந்தது தம்பி? பூட்டி, ஒருக்கா ஓடிப் பாப்பன். தட்டினா இன்னொண்டு.'

அன்றைக்கு வெட்டியதுபோல ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன். பழைய தகரத்தில் வெட்டித் தந்தார். நுண்மானியில் அளந்தபோது 0.8 மில்லிமீற்றர் வந்தது. ஊரில் பாவித்த தகடு இதைவிடத் தடிப்பு என்கிறார்.